கொடைக்கானல் பெயரில் ஒரு கடற்கரை

1/ போன வாரம் ஒருத்தர் கேட்டார்: "டாக்டர், கொடைக்கானல்ல 'கெனால்' எங்க இருக்கு?" கெனாலும் இல்ல, கால்வாயும் இல்ல. ஆனா அந்தப் பெயருக்குள்ள கடற்கரை வரைக்கும் போற ஒரு கதை இருக்கு. சின்ன த்ரெட்.

2/ முதல்ல ரோம். லத்தீன்ல 'லீட்டுஸ்'னா கடற்கரை. அதுதான் இத்தாலியில 'லிடோ' ஆச்சு. வெனிஸ் பக்கத்துல இருக்குற நீளமான மணல் தீவுக்குப் பேரே லிடோ. அங்க கடல் குளியல் பிரபலமாக, இங்கிலாந்துக்காரங்க திறந்தவெளி நீச்சல் குளத்தையே 'லிடோ'ன்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. 1937-ல் தெற்கு லண்டன்ல திறந்த பிராக்வெல் லிடோ பக்கத்துல கடலே கிடையாது. கரையோட சொல், கரையை விட்டு ஊருக்குள்ள வந்துடுச்சு.

3/ நம்ம ஊருக்கு வருவோம். சங்கப் பாடல்கள்ல, நெய்தல் நிலத்துல, 'கானல்'னா கடற்கரைச் சோலை. புன்னையும் தாழையும் நிக்கிற இடம். சிலப்பதிகாரத்துல புகார்க் கடற்கரையில கோவலனும் மாதவியும் பாடிப் பிரியற பகுதிக்குப் பேர் 'கானல்வரி'.

4/ அப்போ லிடோ மாதிரி இந்தச் சொல்லும் கடல்ல இருந்து மலை ஏறுச்சா? அப்படித் தெரியல. 'கான்'னா காடு. கானம், கானகம் எல்லாம் அதே குடும்பம். அதனால கரையில இருந்தா கடற்கரைச் சோலை, மலையில இருந்தா மலைச் சோலை. ரெண்டுமே கானல்தான்.

5/ பெயரோட முதல் பாதிக்குத்தான் சண்டை. கோடையா, கொடியா, கொடையா? ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. 'கோடை'ங்கிற மலை புறநானூறு 205-லயே வருது. ரெண்டாவது பாதி காடுங்கிறதுல பெரிய தகராறு இல்ல.

6/ 1821-ல் லெப்டினன்ட் வார்டு இந்த மலையை சர்வே பண்ணினார். மதுரையில நோய்க்குப் பயந்த அமெரிக்க மிஷனரிகள் 1845-ல் இங்க வீடு கட்டினாங்க. ஒரு டாக்டரா எனக்குப் பிடிச்ச விஷயம் இது: இந்த ஊரை உருவாக்குனது டூரிசம் இல்ல, காய்ச்சலும் காலராவும். ஏரி 1863-ல் வந்துச்சு.

7/ அப்புறம் வந்தது வாட்டில், யூகலிப்டஸ், பைன். நாம செல்ஃபி எடுக்குற பைன் காடு மனுஷன் நட்டது. புல்வெளியும் சோலையும்தான் இந்த மலையோட சொந்தக் காடு. மழைத் தண்ணியைப் பிடிச்சு வச்சு, கீழ இருக்குற ஊர்களுக்கு மெதுவா விடுறது அதுதான். 'சோலை'ங்கிற நம்ம சொல்லைத்தான் உலக விஞ்ஞானிகள் 'ஷோலா'ன்னு எழுதுறாங்க.

8/ இன்னைக்கு கானல்னு சொன்னா நமக்கு ஞாபகம் வர்றது கானல் நீர் மட்டும்தான். காடுங்கிற அர்த்தம் மறந்து போச்சு. அடுத்த தடவை மலை ஏறும்போது பைன் காட்டோட நிறுத்தாம, ஒரு சோலையையும் பாத்துட்டு வாங்க. ஊர் பெயர்ல இருக்குற கானல் அதுதான்.