ஆயுதத்தால் இறந்தவர்களுக்கும் ஒரு திதி உண்டு



மகாளய பட்சம் நெருங்குது. தர்ப்பணத்துக்குப் பெயர் பதியும் வேலையை எங்கள் தொண்டர் குழு ஆரம்பிச்சாச்சு. இந்த வருஷம் ஒரு குடும்பம் கொண்டுவந்த பெயர்களைப் பற்றி, அவங்க சம்மதத்தோட கொஞ்சம் விரிவா எழுதுறோம். நம்மில் பல வீட்டுக்கு இது பொருந்தும்.

அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையா பட்டாளத்துக்குப் போனவங்க இருக்காங்க. குடும்பம் ஜொகூர் தோட்டத்துக்குக் கப்பலேறியபோது மூத்தவர் மட்டும் ஊரிலேயே தங்கி, பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவில் சேர்ந்தார். போர் அவரையும் மலாயாவுக்குக் கொண்டுவந்தது. பாலம் போடுவதும், படை பின்வாங்கும்போது பாலங்களை வெடிவைத்துத் தகர்ப்பதும் சாப்பர்களின் வேலை. சிங்கப்பூர் விழுந்த பிறகு அவர் போர்க்கைதியாகவே இறந்தார். அவர் தம்பி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1943-இல் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போனார். திரும்பி வரவில்லை. இவர்களுடைய தங்கை மகன் பின்னாளில் சிங்கப்பூர் ராணுவத்தில் வேலை பார்த்தார். அந்தத் தங்கையின் பேரன் என்.எஸ். முடிச்சு, இன்னும் ரிசர்விஸ்ட் போய்வருகிறார்.

பெயர் பதிய வந்த பேரன் எங்களிடம் இரண்டு கேள்வி கேட்டார். "ரெண்டு பெரிய தாத்தாவும் என்னிக்குப் போனாங்கன்னு தெரியாது. எந்த நாளில் திதி கொடுக்கிறது? வீட்டில் எப்பவும் சின்னவர் படத்துக்குத்தான் மாலை. பெரியவர் வெள்ளைக்காரன் பட்டாளம்னு யாரும் பேச மாட்டாங்க. ரெண்டு பேரையும் ஒண்ணா நினைக்கலாமா?"

பதில் சொல்வதற்கு முன், அந்த இரண்டு பேரும் எப்படிப் பிரிந்தார்கள் என்று பார்ப்போம்.

1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது. இரண்டு நாள் கழித்து, 17-ஆம் தேதி, ஏறத்தாழ 45,000 இந்தியப் படைவீரர்களை ஃபேரர் பார்க் திடலில் கூட்டி, ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். கேப்டன் மோகன் சிங் அங்கேதான் இந்திய தேசிய ராணுவத்துக்கு ஆள் கேட்டார். பல ஆயிரம் பேர் சேர்ந்தார்கள். பல ஆயிரம் பேர் மறுத்தார்கள். மறுத்தவர்களில் நிறைய பேரைக் கப்பலில் ஏற்றி நியூகினி போன்ற இடங்களுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். பசியிலும் நோயிலும் பலர் அங்கேயே மாண்டார்கள்.

1943 ஜூலையில் நேதாஜி தலைமை ஏற்றதும் மலாயாத் தோட்டத் தமிழர்கள் திரண்டு வந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 22-ஆம் தேதி ஜான்சி ராணி படையின் பயிற்சி முகாம் இங்கே தொடங்கியது. தோட்டத்துப் பெண்பிள்ளைகளும் துப்பாக்கி ஏந்தினார்கள். 1944-இல் இம்பால் படையெடுப்பு தோற்றபோது குண்டைவிட மழையும் மலேரியாவும் பட்டினியுமே அதிகம் பேரைக் கொண்டுபோனது.

மூத்தவர் செஞ்சோற்றுக் கடன் என்று நின்றார். இளையவர் தாய்நாட்டு விடுதலை என்று போனார். இரண்டு பேருக்கும் கொள்ளிவைக்க வீட்டு ஆள் யாரும் பக்கத்தில் இல்லை.

கிராஞ்சி போர் நினைவகத்தின் சுவர்களில், கல்லறை எங்கே என்று தெரியாத 24,000-க்கும் அதிகமான வீரர்களின் பெயர்கள் பொறித்திருக்கு. அதில் இந்தியப் பெயர்கள் ஏராளம். சமய வழக்கப்படி தகனம் செய்யப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கு அங்கேயே தனி நினைவுச்சின்னமும் இருக்கு. அவர்களில் பெரும்பாலோர் இந்தியப் படையினர். ஆனால் தம்பியின் பெயர் அந்தச் சுவரில் வராது. இந்திய தேசிய ராணுவத்துக்கு நேதாஜி 1945 ஜூலை 8-ஆம் தேதி எஸ்பிளனேடில் நினைவுச்சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். போர் முடிந்து திரும்பிய பிரிட்டிஷார் அதைத் தகர்த்துவிட்டார்கள். அந்த இடத்தில் 1995-இல்தான் ஓர் அடையாளக் கல் வைக்கப்பட்டது.

அப்போ சாஸ்திரம் என்ன சொல்லுது?

மகாளய பட்சத்தில், அமாவாசைக்கு முந்திய சதுர்த்தசி ஆயுதத்தால் இறந்தவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட நாள். சஸ்திரஹத சதுர்த்தசி என்று பெரியவங்க சொல்வாங்க. இறந்த நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை இருக்கு. பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், நண்பர் என்று எல்லாரும் காருண்ய பித்ருக்களாக இதில் அடங்குவார்கள். அதனால் நேர் வாரிசு இல்லையே என்ற கவலை வேண்டாம்.

இரண்டாவது கேள்விக்கு மகாபாரதமே பதில். கர்ணன் செஞ்சோற்றுக் கடனுக்காகக் கௌரவர் பக்கம் நின்றான். அர்ஜுனன் கையால் மாண்டான். போர் முடிந்து கங்கைக் கரையில் எல்லாருக்கும் நீர்க்கடன் செய்யும்போதுதான், அவன் என் மூத்த மகன் என்று குந்தி சொன்னாள். தருமர் அழுதார். எதிரிப் படையில் இருந்தவன் ஆச்சே என்று தள்ளவில்லை. அண்ணனுக்குச் செய்ய வேண்டிய நீர்க்கடனைச் செய்தார். பித்ரு காரியத்தில் படையும் கொடியும் கணக்கில் வராது.

தைப்பூசத்தில் நாம் காவடி எடுத்துப் புறப்படும் பெருமாள் கோயில் அந்த ஃபேரர் பார்க் பக்கத்தில்தான் இருக்கு. காவடி போய்ச் சேரும் டேங்க் ரோடு செட்டியார் கோயிலுக்கு 1943-இல் நேதாஜியை அழைத்தார்கள். எல்லாச் சாதி, எல்லா மதத்துத் தோழர்களோடும் வருவதானால்தான் வருவேன் என்றார் அவர். கோயிலார் சம்மதித்தார்கள். அபிட் ஹசன் போன்ற முஸ்லிம் அதிகாரிகளும் கூடவே உள்ளே போனார்கள். படைவீரனை எப்படி மதிப்பது என்பதில் நம் கோயில்களுக்கு அப்படி ஒரு முன்மாதிரி இருக்கு.

பேரன் இரண்டு பெயரையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தார், மூத்தவர் பெயர் முதலில்.

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால், வயசானவங்க இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்க: பெயர், சொந்த ஊர், தோட்டம், படைப்பிரிவு. ஒரு பழைய படம், ஒரு பதக்கம், ஒரு கடிதம் எதுவானாலும் பத்திரப்படுத்துங்க. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் பெயரைத் தேடலாம். நவம்பர் 11-ஐ ஒட்டிய ஞாயிறு காலை கிராஞ்சியில் நினைவு நிகழ்ச்சி நடக்கும். பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போங்க. என்.எஸ். போகிற பையனுக்குத் தன் முப்பாட்டன் கதை தெரிஞ்சிருக்கணும்.

விவரம் எதுவும் கிடைக்கலையா? பெயர் மட்டும் இருந்தாலும் போதும், கொண்டுவாங்க. நாங்க எழுதிக்கிறோம்.