மல்லாந்து நீந்திய ஒலிம்பிக் வீரர்

கோவை வட்டாரத்துத் தோட்டக் கிணறுகளில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீந்தப் பழகியவர்களுக்கு, மல்லாந்து மிதப்பது களைப்பாறும் வழி. நுரையீரலில் காற்று நிறைந்திருக்கும்போது பெரும்பாலோர் உடல் நீரைவிடச் சற்றே இலேசாகிவிடும், முகம் வெளியே நிற்கும், மூச்சுக்குக் கவலையில்லை. இதிலும் பந்தயமா என்று நம் சிறுவர்கள் சிரிக்கலாம். ஆயினும் இந்தப் பந்தயத்தில் விநாடியின் இருபதில் ஒரு பங்கு, பெங்களூரு இளைஞர் ஒருவரின் ஒலிம்பிக் கனவுக்குக் குறுக்கே நின்றது.

மல்லாந்த நீச்சல் 1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் இடம் பெற்றது. இரு கைகளையும் ஒருசேர வீசுவதே பழைய வழக்கம். 1912இல் ஸ்டாக்ஹோமில் அமெரிக்கரான ஹாரி ஹெப்னர் கைகளை மாற்றி மாற்றி வீசினார். முறைகேடு என்று ஆட்சேபம் எழுந்தது. மல்லாந்த நிலை மாறவில்லை, ஆகவே குற்றமில்லை என்று தீர்ப்பாயிற்று. 100 மீட்டரை 1 நிமிடம் 21.2 விநாடியில் கடந்து அவர் வென்றார்.

அடுத்த பெரிய மாற்றம் நீருக்கடியில் நிகழ்ந்தது. நீர்ப்பரப்பில் நீந்துகிறவர் அலை எழுப்புகிறார். அலைக்குச் செலவாகும் ஆற்றல் அவரை முன்னே தள்ள உதவுவதில்லை. போதிய ஆழத்தில் சென்றால் இந்த அலைத்தடை குறையும். 1988இல் சியோலில் அமெரிக்கரான டேவிட் பெர்க்காஃப் சுவரை உதைத்துப் புறப்பட்டு, உடலை மீன்போல் நெளித்து, முப்பது மீட்டருக்கும் மேல் அடியிலேயே சென்றார். முதற்சுற்றில் உலக சாதனை! ஆனால் இறுதியில் அதே உத்தியைக் கையாண்ட ஜப்பானியர் டாய்ச்சி சுசுகி 55.05 விநாடியில் தங்கம் பெற்றார். இது நீச்சலா, முக்குளிப்பா? பின்னர் 15 மீட்டருக்குள் தலை வெளிவந்தாக வேண்டும் என்று விதி வகுத்தார்கள். சரியான விதிதான், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத பந்தயம் என்ன பந்தயம்?

இவ்விதிக்குள் வளர்ந்தவர் ஸ்ரீஹரி நடராஜ். பிறந்தது 2001இல். 2018 ஆசிய விளையாட்டில் இறுதிப் போட்டிவரை சென்றார். டோக்கியோ ஒலிம்பிக்கிற்கான நேரடித் தகுதி நேரம் 53.85 விநாடி. அதுவரை எந்த நீச்சலிலும் இந்தியர் எவரும் நேரடித் தகுதி பெற்றதில்லை. 2020 மார்ச்சில் கொரோனா குளங்களை மூடிவிட்டது. போட்டி வீரர்களுக்கே அவ்வாண்டு அக்டோபரில்தான் திறந்தன. கிணறாவது இருக்கும் நம் ஊர்ப் பையனுக்கு. நகரத்து வீரர் எங்கே போவார்?

2021 ஜூனில் ரோம் நகரில் நீந்தினார். 53.90 விநாடி! 0.05 விநாடி அதிகம். அவருடைய வேகத்தில் இது ஏறத்தாழ 9 சென்டிமீட்டர், ஓர் உள்ளங்கை அகலம். ஜூன் 26இல் சஜன் பிரகாஷ் 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் தகுதி பெற்று முதல் இந்தியரானார். மறுநாள் நேரத்தைக் கணிப்பதற்கென்றே நடந்த ஓட்டத்தில் ஸ்ரீஹரி 53.77இல் சுவரைத் தொட்டார். இத்தகைய ஓட்டம் செல்லுமா என்ற ஐயம் சில நாள் நீடித்தது. உலக நீச்சல் சம்மேளனம் செல்லும் என்றது.

டோக்கியோவில் 54.31 விநாடி, 27ஆம் இடம், அரையிறுதி கிட்டவில்லை. 2024இல் பாரிஸில் மீண்டும் நீந்தியபோது 55.01. சியோலில் தங்கம் தந்த நேரத்தைவிட இவ்விரண்டுமே விரைவானவை.