வயல் மண்ணிலிருந்து இரத்தம் வரை: இரும்பும் செலினியமும் உடலில் என்ன செய்கின்றன?

பிசான நடவு முடிந்து ஒரு மாதம் கழித்து ஒரு நெற்குத்தைப் பிடுங்கி, வேரைக் கழுவிப் பாருங்கள். வேரின் மேல் செங்காவி நிறத்தில் ஒரு படிவு தெரியும். அது இரும்புதான். தண்ணீர் நிற்கும் வயலில் காற்று இல்லாததால் மண்ணிலுள்ள இரும்பு கரைகிறது. நெல் தன் வேர் வழியாகக் கொஞ்சம் காற்றை வெளியே விடுவதால் அந்த இரும்பு வேரின் மேலேயே துருவாகப் படிகிறது.

தாமிரபரணிக் கரையில் இரும்பு புதிதல்ல. சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிச் செல்வதாக 2025 ஜனவரியில் தமிழக அரசு ஆய்வறிக்கை வெளியிட்டது. ஆனால் 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. நடவுக்கும் களையெடுப்புக்கும் வருபவர்களில் பாதிப்பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்ணில் இருப்பது வேறு, உடலில் சேர்வது வேறு.

உடலுக்குள் இரும்பின் பயணம்

வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள மொத்த இரும்பு 3 முதல் 4 கிராம்தான். அதில் பெரும்பகுதி இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் இருந்து, நுரையீரலில் வாங்கிய பிராணவாயுவை உடல் முழுவதும் கொண்டு சேர்க்கிறது. இரும்பு குறைந்தால் மூச்சு வாங்குவதும், வரப்பேறும்போது கால் தளர்வதும் இதனால்தான்.

உண்ட உணவிலிருந்து இரும்பு சிறுகுடலின் மேல்பகுதியில் உறிஞ்சப்படுகிறது. தனியாகத் திரியும் இரும்பு உடலுக்கு ஆபத்து. எனவே டிரான்ஸ்பெரின் என்ற புரதம் அதை ஏற்றிக்கொண்டு இரத்தத்தில் செல்கிறது. ஒரு டிரான்ஸ்பெரினில் இரண்டு இரும்பு அணுக்களுக்குத்தான் இடம். இந்தச் சுமை பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையில் இறங்குகிறது. அங்கேதான் புதிய சிவப்பணுக்கள் உருவாகின்றன. மீதி இரும்பு பெரிட்டின் என்ற புரதத்துக்குள், குதிரில் நெல் கொட்டி வைப்பதுபோல, கல்லீரலில் சேமிக்கப்படுகிறது.

சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அது அழியும்போது மண்ணீரலும் கல்லீரலும் அதிலுள்ள இரும்பை எடுத்துத் திரும்பக் கொடுத்துவிடும். உடல் ஒரு நாளில் பயன்படுத்தும் 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பில் உணவிலிருந்து புதிதாக வருவது 1 அல்லது 2 மில்லிகிராம் மட்டுமே. மற்றதெல்லாம் பழைய இரும்புதான்.

இந்த வரத்துக்கு மடை வைத்திருப்பது கல்லீரல். கையிருப்பு போதும் என்றால் அது ஹெப்சிடின் என்ற பொருளைச் சுரந்து குடலின் மடையை அடைத்துவிடும். காய்ச்சல், நோய்த்தொற்று இருந்தாலும் அடைத்துவிடும், ஏனென்றால் கிருமிகளும் இரும்பைத் தின்றுதான் பெருகுகின்றன. ஒரு நாள் விட்டுப்போன சத்து மாத்திரையை மறுநாள் இரண்டாகச் சேர்த்து விழுங்குவதால் பலன் இல்லை என்பதற்கும் இதுவே காரணம்: முதல் மாத்திரையிலேயே மடை பாதி மூடிவிடும்.

மிஞ்சிய இரும்பை வெளியே தள்ள உடலில் தனி வழி கிடையாது. இரும்பு பெருமளவில் வெளியேறுவது இரத்தத்தோடுதான். மாதவிடாய், பிரசவம், கொக்கிப்புழு ஆகிய மூன்றும்தான் நம் பகுதிப் பெண்களின் இரும்பை வடிக்கின்றன. வெறுங்காலோடு ஈரமண்ணில் நிற்பவர்களின் பாதத் தோல் வழியாகத்தான் கொக்கிப்புழு உள்ளே நுழைகிறது.

சோறு மட்டும் போதாது

தீட்டிய பச்சரிசி 100 கிராமில் இரும்பு சுமார் 0.65 மில்லிகிராம்தான். ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி சமைத்து உண்டாலும் 2 மில்லிகிராம் தேறாது. பெண்ணுக்கு ஒரு நாள் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் குறித்தது 29 மில்லிகிராம். 100 கிராம் கம்பில் 6.4, கொள்ளில் 8.7, தோலுடன் கூடிய உளுந்தில் ஏறக்குறைய 6 மில்லிகிராம் இருக்கிறது. நம் ஊர் உளுந்தஞ்சோற்றைக் கறுப்பு உளுந்தில்தான் செய்ய வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது வெறும் ருசிக்காக அல்ல என்று நினைக்கிறேன்.

தானியத்திலும் பருப்பிலும் உள்ள பைட்டேட் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா இவற்றில் ஒன்றை அதே சாப்பாட்டோடு சேர்த்தால் அந்தப் பிடி தளரும். முளைகட்டிய பயறும் நல்லது. சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் எதிர்விளைவுதான். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்க வேண்டாம். மீனிலும் ஈரலிலும் உள்ள இரும்பு இந்தத் தடைகளில் அவ்வளவாகச் சிக்காமல் சேரும்.

ஆடுகளுக்கு டானிக் அல்ல, புழு நீக்கம்

புல் தின்னும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் தீவனத்தில் இரும்பு குறைவது அரிது. ஆகவே வெளிறிப்போன ஆட்டுக்கு இரும்பு டானிக் வாங்கும் முன், இரத்தம் எங்கே போகிறது என்று பாருங்கள். மாடாக இருந்தால் உண்ணியும், உண்ணி பரப்பும் இரத்த ஒட்டுண்ணிக் காய்ச்சலும் காரணமாக இருக்கலாம். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் வாய்க்கால் கரையிலும் குளத்தோரத்திலும் மேயும் ஆடுகளில் பெரும்பாலும் வயிற்றில் உள்ள ஹீமாங்கஸ் என்ற உருண்டைப்புழுதான் காரணம். ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லி இரத்தத்தை இழக்கச் செய்யும். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி! தாடையின் கீழ் நீர் கோத்துத் தொங்கும் ஆட்டைப் பார்த்திருப்பீர்கள். அது முற்றிய நிலை.

அதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். ஆட்டின் கீழ் இமையை மெல்ல இழுத்து உள்நிறத்தைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டையில் இதற்கு ஐந்து நிறப்படிகள் உண்டு: 1 நல்ல சிவப்பு, 5 வெளுப்பு. 4, 5 என்றால் உடனே புழு நீக்க மருந்து தேவை. 3 என்றால், அது குட்டியாகவோ சினை ஆடாகவோ இருந்தால் மருந்து கொடுப்பதே நல்லது. மந்தை முழுவதுக்கும் ஒரே மருந்தை ஆண்டு முழுவதும் ஊற்றினால் புழுக்கள் அந்த மருந்துக்குப் பழகிவிடும்.

செலினியம்: மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறைவு

செலினியம் உடலில் மில்லிகிராம் கணக்கில்தான் இருக்கிறது. குடலிலிருந்து கல்லீரலுக்குப் போய், அங்கே செலினோபுரோட்டீன் பி என்ற புரதத்தில் ஏறி மூளைக்கும் விதைப்பைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் செல்கிறது. இதைக் கொண்டு உடல் செய்யும் முக்கியமான நொதி குளுட்டாதயோன் பெராக்சிடேஸ். தசையிலும் சிவப்பணுவிலும் உண்டாகும் பெராக்சைடு கழிவுகளை அது முறித்துவிடும். வைட்டமின் இ அதற்குத் துணை. தைராய்டு சுரப்பைச் செயலுக்குக் கொண்டுவரவும் செலினியம் வேண்டும்.

வயலில் செலினியத்தின் போக்கு இரும்புக்கு நேர் எதிர். தண்ணீர் கட்டினால் இரும்பு கரைந்து வரும். செலினியம் பயிருக்கு எட்டாத வடிவத்துக்கு மாறிவிடும். வேரின் மேல் பார்த்த அந்தச் செங்காவிப் படிவும் அதில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே வைக்கோலை மட்டுமே நம்பி மாடு வளர்ப்போர் பசுந்தீவனத்தையும் தாது உப்புக் கலவையையும் சேர்ப்பது அவசியம். கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 50 கிராம் தாது உப்பு போதும். செலினியம் சேர்ந்திருக்கிறதா என்று பையின் மேல் உள்ள பட்டியலைப் படித்துப் பாருங்கள்.

செலினியம் குறைந்தால் இளங்குட்டிகளின் தசை வெளிறிக் கால்கள் விறைக்கும். கன்று ஈன்ற பசுவில் நஞ்சுக்கொடி தங்கவும் கூடும். ஆனால் நஞ்சுக்கொடி விழாததற்குக் கால்சியம் குறைவு, கருப்பைத் தொற்று, கடினமான ஈற்று என்று வேறு காரணங்களும் உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில ஆண்டுகளுக்கு முன், மாட்டுக்கு வாங்கிய செலினியம் ஊசி மருந்தில் மிச்சமிருந்ததை ஒருவர் தன் ஆட்டுக்குட்டிகளுக்கும் கண்ணளவில் போட்டுவிட்டார். மறுநாள் நான் போனபோது மூன்று குட்டிகள் செத்துக் கிடந்தன. ஒரு கிலோ தீவனத்தில் 0.3 மில்லிகிராம் செலினியம் மாட்டுக்குத் தேவை. 5 மில்லிகிராம் தாண்டினால் ஆபத்து. பஞ்சாபின் நவான்ஷகர், ஹோஷியார்பூர் பகுதிகளில் சில ஊர்களின் மண்ணிலேயே செலினியம் மிகுந்து, மாடுகளுக்குக் குளம்பு வெடித்தும் முடி உதிர்ந்தும் போயிருக்கின்றன. சீனாவின் கேஷானில் நிலைமை தலைகீழ்: அங்கே 1935-இல் கண்டறியப்பட்ட இதயத் தசை நோய்க்குச் செலினியக் குறைவு ஒரு காரணம்.

பன்றி வளர்ப்போர் இரண்டையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு என்பதால் பிறந்த சில நாட்களுக்குள் பன்றிக்குட்டிக்கு இரும்பு ஊசி போடுவது வழக்கம். தாய்க்குச் செலினியமும் வைட்டமின் இ-யும் பற்றாமல் இருந்தால் அதே ஊசி குட்டியைக் கொல்லக்கூடும். உள்ளே போன இரும்பு கிளப்பும் கழிவுகளை முறிக்கக் குட்டியின் உடலில் நொதி இருக்காது. எனவே சினைக்காலத்திலேயே தாயின் தீவனத்தைச் சரிசெய்யுங்கள்.

செலினியம் ஊசியைக் கால்நடை மருத்துவர் எடை பார்த்துத்தான் போட வேண்டும். வெளிறிய ஆடுகளின் சாணத்தைத் தரையில் விழுந்த பிறகு அள்ளாமல், ஆசனவாயிலிருந்து நேரடியாக எடுத்துச் சிறு புட்டியில் அடைத்து, அன்றைக்கே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலோ இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ கொடுத்துப் பரிசோதித்துக்கொள்ளலாம்.