மன்னார்ப் பாதையும் பொறுப்பு என்னும் வினாவும்

அறவியல் பயில்வோர், மிகப் பலரின் மிகப் பெரும் இன்பமே நன்மையின் அளவுகோல் என்ற பெந்தமின் பயன்வழிக் கோட்பாட்டையும், விளைவு நோக்காது கடமையை முன்வைத்த கான்றின் கோட்பாட்டையும் எதிரெதிர் நிறுத்திக் கற்பது வழக்கம். அவற்றை உரைத்துப் பார்க்க இலங்கை வரலாற்றில் மன்னார்க் கரையைவிடப் பொருத்தமான களம் அரிது.

1840களில் கண்டி மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, தென்னிந்தியத் தொழிலாளர் தோணிகளிற் கடல் கடந்து தலைமன்னார், அரிப்பு முதலிய துறைகளில் இறங்கினர். அங்கிருந்து மாத்தளைக்கு ஏறத்தாழ 150 மைல் நடை. அடர்காடு, நீரற்ற வெளி, மலேரியா, வாந்திபேதி. வீழ்ந்தவன் பாதையோரத்தே விடப்பட்டான். கூட்டம் மேலே நடந்தது.

ஏறத்தாழ 70,000 பேர் மாண்டனர் என 1849இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை கணக்கிட்டது. பிற்கால ஆய்வாளர் இத்தொகையை ஐயுற்றனர். வந்தோரிலிருந்து திரும்பியோரைக் கழித்து, எஞ்சியோரையெல்லாம் இறந்தோராகக் கொள்வது முறையன்று. தோட்டங்களிலே தங்கிவிட்டோரும் உளர். இத்திருத்தம் நியாயமானதே. ஆயின், தொகை குறையக் குற்றமுங் குறையும் என வாதிடுவது பெந்தமின் கணக்கைக் கடைக்கணக்காக்குவதாகும். நடைவழியில் இறந்தோருக்கு நம்பத்தகுந்த பதிவே இல்லாமற்போனது ஏன் என்பதன்றோ முதல் வினா?

மொறீசியசுக்குச் சென்றோர் ஒப்பந்தத்தாற் கட்டுண்டவர். கொடுமை மிகுந்த அம்முறையிலும் குடிபெயர்ந்தோருக்கெனக் காப்பதிகாரி ஒருவர் இருந்தார். இலங்கைக்கு வந்தவனோ 'சுதந்திரத் தொழிலாளி'. 1841ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் எசமான், ஊழியன் ஆகியோரிடை ஏற்படும் ஒப்பந்தத்தை முறைப்படுத்தியது. பாதையில் நடப்பவனுக்கு எசமானே இன்னும் வாய்க்கவில்லை. தோட்டத்துரை கங்காணியைச் சுட்டலாம். கங்காணி முன்பணக் கடனைச் சுட்டலாம். அரசுக்குத் தலையிடாக் கொள்கை இருந்தது. ஒவ்வொருவர் தீர்மானத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. தீர்மானங்கள் ஒன்றுசேர்ந்த இடத்திலேதான் பிணங்கள் கிடந்தன.

இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1844இல் என்பதும் ஈண்டு மனங்கொளத்தக்கது. அடிமை இறப்பின் உடையவனுக்கு முதல் நட்டம். சுதந்திரத் தொழிலாளி இறப்பின் நட்டம் முன்பணம் மட்டுமே. மனிதனை வெறுங் கருவியாகக் கொள்ளற்க என்ற கான்றின் விதியை மீறுதற்கு, விலங்கு பூட்ட வேண்டியதில்லை.

1914இல் தலைமன்னாருக்கு இருப்புப்பாதையும் தனுஷ்கோடிக் கப்பற்சேவையும் வந்தன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இத்தொழிலாளரின் வழித்தோன்றல்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோருட் பலர் கப்பலேறியது அதே தலைமன்னாரிலேயே.