யாருக்கு முதல் மரியாதை? திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டின் 32-ஆம் எண்ணும் தமிழகப் பங்குகளும்

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டைத் தமிழகச் சூழலில் ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் அதன் 14-ஆம் எண்ணிலேயே நின்றுவிடுகிறார்கள். மக்கள் அறிந்தும் ஈடுபட்டும் வழிபாட்டில் பங்கேற்க வேண்டும் என்பது அவ்வெண்ணின் சாரம். இலத்தீன் போய்த் தமிழ் வந்தது, குரு மக்களை நோக்கித் திரும்பினார், பொதுநிலையினர் வாசக மேடை ஏறினர். ஆகவே பங்கேற்பு நிறைவேறிவிட்டது என்பது அந்த வாசிப்பின் முடிவு. 32-ஆம் எண்ணுக்கு அதில் இடமே இல்லை. கட்டணத்துக்கு ஏற்ப முதல் வகுப்பு அடக்கம், இரண்டாம் வகுப்புத் திருமணம் என்று ஐரோப்பாவில் இருந்த வழக்கத்தை ஒழிக்க எழுதப்பட்டது அது, நமக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. நம் பங்குகளின் கூட்டு வழிபாட்டை அளக்க வேண்டிய முதல் அளவுகோல் 32-ஆம் எண்தான் என்று கருதுகிறேன்.

அந்த எண் சொல்வது இது: வழிபாட்டில் ஒருவரை மற்றவரிடமிருந்து வேறுபடுத்திக் காட்ட வழிபாட்டுப் பணியும் குருத்துவ நிலையும் மட்டுமே காரணமாகலாம், அரசு அதிகாரிகளுக்குச் சட்டப்படியான மரியாதை தரலாம், இவை தவிர எந்தத் தனியாளுக்கும் எந்த வகுப்பாருக்கும் சடங்கிலோ வெளி ஆடம்பரத்திலோ தனி மரியாதை கூடாது. விதிவிலக்குகளை எண்ணிச் சொல்லிவிட்டு, மற்ற அனைத்தையும் இது விலக்குகிறது. பட்டியலில் இல்லாத ஒன்றை வழக்கம் என்ற பெயரில் உள்ளே நுழைக்க இந்த அமைப்பு இடம் தரவில்லை.

கட்டண வகுப்புகள் வரைவாளர்கள் மனத்தில் இருந்தன என்பதை நான் மறுக்கவில்லை. அவை மட்டுமே இருந்தன என்பதைத்தான் மறுக்கிறேன். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1263-ஆம் விதியை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். அரசு அலுவலர்களுக்குக் கோயிலில் தனி இடம் தரலாம் என்றது அவ்விதி. ஆயரின் வெளிப்படையான ஒப்புதல் இன்றி எந்த விசுவாசியும் தனக்கும் தன்னைச் சேர்ந்தவர்க்கும் இடம் ஒதுக்கிக்கொள்ளக் கூடாது என்றும் சொன்னது. ஒப்புதல் கிடைத்தால் ஒதுக்கிக்கொள்ளலாம் என்பது அதன் மறுபக்கம். சங்கத்தின் 32-ஆம் எண் அலுவலர்களுக்கான விலக்கை வைத்துக்கொண்டது. ஒப்புதல் என்ற கதவை விட்டுவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்து வாசிப்பவருக்கு, கட்டணத்தோடு இடமும் வரிசையும் இந்த எண்ணுக்குள் வருகின்றன என்பது விளங்கும்.

அது அமைந்திருக்கும் இடமும் கவனத்துக்குரியது. 26 முதல் 32 வரையிலான எண்கள், வழிபாடு தனியார் சடங்கு அன்று, திருச்சபை முழுவதின் கொண்டாட்டம் என்ற அடிப்படையில் எழுந்த ஒரே தொகுதி. 28-ஆம் எண் ஒவ்வொருவரும் தமக்குரிய பணியை மட்டும் செய்யச் சொல்கிறது. 29, பீடப் பணியாளர், வாசகர், பாடகர் குழுவினர் ஆகியோரின் பணி மெய்யான வழிபாட்டுப் பணியே என்கிறது. 30, மக்களின் பதிலுரையையும் பாடலையும் உடல் நிலைகளையும், ஏற்ற வேளையில் மௌனத்தையும் பேசுகிறது. இப்படிப் பணிகளால் வரும் வேறுபாடுகளை முறைப்படுத்திய பிறகுதான் 32 வருகிறது. கட்டண ஒழுங்குக்கான பின்னிணைப்பை அங்கே வைக்க வேண்டிய தேவை இல்லை.

கோயிலில் தனி இடம் பற்றிய இந்தக் கேள்வி திருச்சி வட்டாரத்துக்குப் புதியதன்று. வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பகுதியாகக் கோயிலைப் பிரித்த சுவர் அகற்றப்பட்ட பின், பிள்ளை, முதலியார் வகுப்புக் கத்தோலிக்கர் தங்கள் தனி இடத்தை மீட்டுத் தரும்படி நீதிமன்றம் சென்றனர். அவ்வூர் அப்போது திருச்சி மறைமாவட்டத்தில் இருந்ததால் எதிர்வாதியாக நின்றவர் திருச்சி ஆயர் பார்த். மைக்கேல் பிள்ளை எதிர் பார்த் என்று 1917-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் திரட்டில் இடம்பெற்ற அவ்வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் வாதிகளின் கோரிக்கையை ஏற்கவில்லை. திருச்சி மறைமாவட்டம் இப்படி ஒரு வழக்கின் வழியாகச் சந்தித்த கேள்விக்குச் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று 2,147 ஆதரவு வாக்குகளோடும் வெறும் 4 எதிர்ப்பு வாக்குகளோடும் விடை சொன்னது. அப்படியிருக்க, அந்த விடை ஐரோப்பாவுக்கு மட்டும் என்று நம்மவரே சொல்வது வியப்பளிக்கிறது.

இந்த எண் இன்று எதை அளக்கிறது என்று பார்க்க, இனி திருச்சி வட்டாரத்து மணப்பாறைப் பக்கத்துக்கு வருகிறேன். மலையடிப்பட்டி போன்ற பழைய மறைப்பணித் தளங்களைக் கொண்ட இந்த வறண்ட வட்டாரத்தில் ஒரு பங்குக்குக் கிளைக் கிராமங்கள் பல. ஞாயிறுதோறும் எல்லாக் கிராமத்திலும் திருப்பலி நடப்பதில்லை. குரு வராத நாளில் உபதேசியார் செபம் சொல்வார். ஊர் முழுதும் ஒன்றாகக் கூடுவது திருவிழாவில்தான். அதனால் கூட்டு வழிபாடு என்று நாம் ஆராய வேண்டியது வாரத் திருப்பலியைவிடத் திருவிழாவைத்தான்.

தமிழகக் கிராமத் திருவிழா வரிப் புத்தகத்தில் தொடங்குகிறது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி எழுதுவார்கள். வரி கொடுத்தவர் திருவிழாவுக்கு உரியவர். கொடியேற்றத்திலும் மண்டகப்படியிலும் அவருக்குப் பங்குண்டு, சப்பரம் அவர் தெருவுக்குள் வரும், மந்திரித்த மாலை அவர் வீட்டுக்குப் போகும். தலித் குடும்பங்களிடம் சில ஊர்களில் வரி வாங்குவதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சலுகை போலத் தெரியலாம். ஆனால் பணம் வாங்காவிட்டால் உரிமை இல்லை, உரிமை இல்லாவிட்டால் சப்பரம் அந்தத் தெரு முனையிலேயே திரும்பிவிடும். யாரையும் யாரும் கோயிலை விட்டு வெளியேற்றவில்லை. அதே மக்கள் திருப்பலியில் பாடுகிறார்கள், நற்கருணை வாங்குகிறார்கள். 14-ஆம் எண்ணை மட்டும் கையில் வைத்திருக்கும் ஆய்வாளர் அங்கே முழுப் பங்கேற்பு நடப்பதாக எழுதிவிட முடியும். மரியாதை எப்படிப் பங்கிடப்படுகிறது என்று கேட்கும் 32-ஆம் எண்ணுக்குத்தான் அந்தத் தெரு முனை தெரியும்.

தேரும் சப்பரமும் பக்தி முயற்சிகள், திருவழிபாடு அல்ல; எனவே 32 அவற்றைத் தொடாது என்பது இங்கே எழும் வலுவான மறுப்பு. பதில் அதே ஆவணத்தின் 13-ஆம் எண்ணில் இருக்கிறது. பக்தி முயற்சிகள் திருவழிபாட்டோடு ஒத்திசைய வேண்டும், அதிலிருந்து பிறந்து அதற்கே மக்களை அழைத்துச் செல்ல வேண்டும் என்கிறது அது. பீடத்தில் விலக்கப்பட்ட ஒன்று தெருவில் ஒத்திசைவாகிவிடாது. பண்பாட்டு மயமாக்கலைப் பேசும் 37-ஆம் எண்ணைத் துணைக்கு அழைப்போருக்கு நீண்ட பதில் வேண்டியதில்லை: திருவழிபாட்டின் உண்மையான உணர்வோடு இசையும் வழக்கங்களையே அது உள்ளே அழைக்கிறது.

ஊர்ப் பெரியதனம் என்னும் தலைமைப் பொறுப்பும் ஒரு வழிபாட்டுப் பணிதானே என்ற வாதம் சற்று நுட்பமானது. கொடிக்கயிற்றைப் பிடிப்பவரும் தேர் வடத்தை முதலில் தொடுபவரும் ஏதோ ஒரு பணியைச் செய்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் 29-ஆம் எண் சொல்லும் வாசகர், பாடகர் பணிக்குத் திருமுழுக்குப் பெற்ற எவரும் பயிற்சியால் வரலாம். பெரியதனம் பிறப்பால் வருகிறது. திருமுழுக்கு திறந்துவிட்ட இடத்தைப் பிறப்பு அடைக்குமானால், அதைப் பணி என்று அழைக்கச் சங்கத்தின் சொற்களில் ஆதாரம் இல்லை.

இது ஏட்டளவுச் சிக்கல் அன்று. 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தனிப் பங்கு கோரிய தலித் கத்தோலிக்கருக்கும் மற்றவர்களுக்கும் இடையே மூண்ட மோதல் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து இரண்டு உயிர்கள் போயின. ஊர்வலமும் சவ ஊர்தியும் எந்தத் தெருவில் போகலாம் என்பது அதன் பின்னணியில் இருந்தது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களையும் சுவர் பிரித்தது. திருச்சி மாவட்டத்துக் கோட்டப்பாளையத்தில் மதலேன் மரியாள் திருவிழாவில் தாங்கள் ஒதுக்கப்படுவதாகத் தலித் கத்தோலிக்கர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது.

இந்திய ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதைத் தயங்காமல் ஒப்புக்கொண்டது. அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் அதைக் களையும் பொறுப்பு தலித் பணிக்குழுவோடு நின்றுவிடுகிறது. திருவழிபாட்டுப் பணிக்குழு பாடல்களையும் வாசக நூல்களையும் பார்த்துக்கொள்கிறது. இந்தப் பிரிவினை தவறு. வழிபாட்டை நெறிப்படுத்தும் அதிகாரத்தைச் சங்கத்தின் 22-ஆம் எண் ஆயர் கையில் ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. கொடியேற்றத்துக்குத் தேதி கொடுக்கும் முன் வரிப் புத்தகத்தையும் சப்பரம் போகும் பாதையையும் பங்குத்தந்தை கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். பங்கு மக்களில் ஒரு குடும்பமேனும் விடுபட்டிருந்தால், 32-ஆம் எண்ணைக் காட்டித் தேதி தர மறுக்கலாம்.