வீட்டு வாசலில் கார் நிறுத்தவும் பெர்மிட்டா? பெர்க்லி நகரின் பார்க்கிங் விதி என்ன சொல்லுது?

காரை எடுத்துக்கிட்டு கடைக்குப் போய்த் திரும்பினால், வீட்டு வாசலில் யாரோ ஒருத்தர் கார் நிற்கும். பெரிய பல்கலைக்கழகங்களை ஒட்டிய தெருக்களில் இது தினசரித் தலைவலி. வளாகத்துக்குள் நிறுத்தினால் கட்டணம். பக்கத்துத் தெருவில் நிறுத்தினால் இலவசம். அப்போ எங்கே நிறுத்துவாங்க? இதற்காக அமெரிக்காவின் பெர்க்லி நகரம் 1980-ல் கொண்டுவந்ததுதான் குடியிருப்போர் பார்க்கிங் பெர்மிட்.

அங்கே பார்க்கிங் அவ்வளவு கஷ்டமா?

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், நோபல் பரிசு வாங்கிய பேராசிரியர்களுக்குக் கிடைக்கும் சலுகைகளில் ஒன்று, 'என்.எல்.' என்ற பலகையுடன் தனி பார்க்கிங் இடம்! மற்றவர்கள் காசு கொடுக்கணும், இல்லையென்றால் வெளியே தேடணும்.

எப்படிச் செயல்படுது?

* நகரின் குடியிருப்புப் பகுதிகள் ஏ, பி, சி என எழுத்து வாரியாகப் பிரிக்கப்பட்டுள்ளன.
* அந்தந்தப் பகுதியில் வசிப்பவர்கள், முகவரிச் சான்றும் வாகனப் பதிவும் காட்டி, கட்டணம் செலுத்தி பெர்மிட் வாங்கணும்.
* பெர்மிட் இல்லாத கார், கட்டுப்பாட்டு நேரத்தில் பொதுவாக 2 மணி நேரம் மட்டுமே நிற்கலாம். மீறினால் அபராதம்.
* வீட்டுக்கு வரும் விருந்தினர்களுக்கு 1 நாள், 14 நாள் பெர்மிட்டுகள் தனியாக உண்டு.

தெரு பொதுச்சொத்தாச்சே, இது செல்லுமா?

இந்தக் கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. வர்ஜீனியா மாநிலத்தின் ஆர்லிங்டனில், வெளியூரிலிருந்து வேலைக்கு வருபவர்கள் குடியிருப்புத் தெருக்களில் கார் நிறுத்துவதைத் தடுக்க இதே போன்ற விதி வந்தது. உள்ளூர்வாசிக்கு ஒரு நியாயம், வெளியூர்க்காரருக்கு ஒரு நியாயமா என்று வழக்குப் போட்டாங்க. மாநில நீதிமன்றங்கள் விதியை ரத்து செய்தன. ஆனால் 1977-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, விதி செல்லும் என்றது. குடியிருப்புகளில் நெரிசல், சத்தம், புகையைக் குறைக்க இப்படி வேறுபடுத்துவது சமத்துவ உரிமைக்கு எதிரானதல்ல என்பதே தீர்ப்பின் சாரம்.

பெர்மிட் இருந்தால் இடம் உறுதியா?

இல்லை. இங்கேதான் பலரும் ஏமாறுவாங்க. பெர்மிட் என்பது இடம் தேடுவதற்கான அனுமதி மட்டுமே. உங்கள் வாசல் உங்களுக்கே சொந்தமாகிவிடாது. ஒரு வீட்டில் நாலு மாணவர்கள் சேர்ந்து தங்கி, ஆளுக்கொரு கார் வைத்திருந்தால் அவர்களும் குடியிருப்போர்தான். தெருவில் இருக்கும் இடத்தை விட பெர்மிட்டுகள் அதிகமானால், பழைய பிரச்சினை அப்படியே திரும்பும்.

யாருக்குப் பாதிப்பு?

வளாகத்துக்கு அருகில் வாடகை கொடுக்க முடியாமல் தூரத்திலிருந்து காரில் வரும் மாணவர்களுக்கும், குறைந்த சம்பள ஊழியர்களுக்கும். 3 மணி நேர ஆய்வக வகுப்புக்கு 2 மணி நேர பார்க்கிங் போதாதே! அதனால் அவர்கள் பெர்மிட் இல்லாத அடுத்த தெருவுக்குப் போவாங்க. பிறகு அந்தத் தெருவும் பெர்மிட் கேட்கும். எல்லை விரிந்துகொண்டே போகும்.

வேற வழி இருக்கா?

பார்க்கிங் கட்டணம் குறித்து நீண்ட காலம் ஆய்வு செய்த பேராசிரியர் டொனால்டு ஷூப் ஒரு யோசனை சொன்னார்: வெளியாட்களைத் தடுக்காதீங்க, கட்டணம் வாங்குங்க, அந்தப் பணத்தை அதே பகுதிக்குச் செலவிடுங்க. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஆஸ்டினின் வெஸ்ட் கேம்பஸ் பகுதியில் இப்படித்தான் மீட்டர் வருமானத்தில் ஒரு பங்கு நடைபாதை போன்ற வசதிகளுக்குப் போகிறது.

அமெரிக்காவுக்குப் படிக்கப் போறீங்களா? கார் வாங்கும் முன், தங்கப்போகும் முகவரிக்கு பெர்மிட் கிடைக்குமா என்று அந்த நகராட்சியிடம் கேட்டுடுங்க. விடுதிகளுக்கும் சில அடுக்குமாடிகளுக்கும் பெர்மிட் தராத ஊர்களும் உண்டு.