வேட்டைத் துவக்கும் கையின் கணக்கும்



துவக்கு என்றதும் எங்கள் வீடுகளில் பேச்சு நின்றுவிடும். அதில் வியப்பில்லை. ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகள், பறக்கவிடும் தட்டுகளைச் சுடும் விளையாட்டுக்குத் தோழர்களுடன் போகக் கேட்கிறார்கள். 'போ' என்றோ 'வேண்டாம்' என்றோ சொல்வதற்கு முன், அந்தத் துவக்கின் கதையை நாம் அறிந்திருப்பது நல்லது.

முற்காலத்தில் வெடிமருந்தையும் சன்னத்தையும் குழல் வாயால்தான் இடித்து நிரப்பினார்கள். 1830களில் பாரிசில் லெஃபோஷே என்பவர், நடுவில் மடித்துத் திறந்து பின்பக்கத்தால் தோட்டா போடும் துவக்கைச் செய்தார். 1851இல் லண்டன் பெருங்கண்காட்சியில் அதைப் பார்த்த ஆங்கிலக் கொல்லர்கள், அந்த வழியைப் பிடித்துக்கொண்டு மேலும் திருத்தினார்கள்.

அவர்கள் வளர்த்தெடுத்தது இரு குழல்களும் பக்கம் பக்கமாக அமைந்த துவக்கு. 12 என்ற அளவு எதைக் குறிக்கிறது தெரியுமா? ஒரு இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டையின் விட்டமே குழலின் உள்விட்டம்; ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர். இவ்வகைத் துவக்கு சுமார் 3 கிலோ. பாரம் இரு கைகளுக்கும் நடுவில் நிற்பதால் சட்டென்று தோளுக்கு வரும். திடீரென எழும் பறவைக்கு இதுவே தோது. ஆனால் இலேசான துவக்கு தோளில் பலமாக உதைக்கும்.

குழல்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைப்பது மற்ற வகை. லண்டனின் பொஸ் நிறுவனம் 1909இல் அப்படி ஒன்றைச் செய்தது, விலையோ செல்வந்தருக்கானது. சாதாரண மக்களுக்கும் அதைக் கொடுக்க விரும்பிய அமெரிக்கர் ஜோன் பிரவுணிங், 1926இல் பெல்ஜியத்துத் தொழிற்சாலையிலேயே காலமானார். மகன் வால் வேலையைத் தொடர, 1931இல் அத்துவக்கு சந்தைக்கு வந்தது. இவ்வகை பொதுவாகக் கொஞ்சம் பாரம் கூட. கண்ணுக்கு முன் ஒற்றைக் குழலே தெரியும். கீழ்க்குழல் முதலில் வெடிப்பதால் உதை நேராகத் தோளுக்குப் போகும். வாய் அதிகம் மேலே எழாது. அசைவு சீராக இருப்பதால் தட்டுச் சுடுவோர் பெரும்பாலும் இதையே விரும்புகிறார்கள்.

மூன்றாவது, தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றும் ஒற்றைக்குழல் துவக்கு. 1963இல் வந்த ரெமிங்டன் 1100 போன்றவை வெடிவாயுவின் ஒரு பகுதியைக் கொண்டே இயங்குவதால் உதை மிருதுவாக இருக்கும்.

எது சிறந்தது? துவக்கைவிடப் பிடங்கின் பொருத்தமே முக்கியம். ரைபிளில் உள்ளதுபோலப் பின்குறி இதில் இல்லை. சுடுபவரின் கண்தான் பின்குறி. பிடங்கு நீண்டாலோ குறுகினாலோ கன்னம் தவறான இடத்தில் படியும், குறி தப்பும். அதனால் நல்ல கொல்லர், சட்டைக்கு அளவெடுப்பதுபோல ஆளுக்கு அளவெடுப்பார்.

ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மடித்துத் திறக்கும் துவக்கோடு ஒருவரிடம் போகும்போது, அதைத் திறந்து பிடிப்பது அந்த விளையாட்டின் மரியாதை. உள்ளே தோட்டா இல்லை என்பது தூரத்திலேயே எதிரில் நிற்பவருக்குத் தெரியும். தானியங்கித் துவக்கில் அது அவ்வளவு எளிதாகத் தெரியாது. மூடிய துவக்குகளுக்கு முன்னால் நின்று வந்தவர்கள் நாங்கள். திறந்த துவக்கின் பொருள் எங்களுக்கு விளங்காமல் வேறு யாருக்கு விளங்கும்?